மூன்று மாதச் சீனி

அம்மாவின் இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயில் இன்னும் சூடு இருந்தது. கிருஷ்ணகுமாரி அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பரிசோதனை நிலையத்துக்கு ஓடினாள். கவுண்டரில் இருந்த நுஸ்கா, டொக்டர் எழுதிய துண்டுச் சீட்டைப் படித்தாள். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, மூன்று மாதச் சீனியின் சராசரி. நாலு மணிக்கு வரச் சொன்னாள்.

அம்மா ஜெயம்மாவுக்கு நேற்றுக் காலை தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு வலிக்கவில்லை. நெடுநாள் சீனி வியாதிக்காரருக்கு இருதயம் அடைபடுவது வலியில்லாமலும் நடக்கும் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். ஏன் இரவு வரை வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டார். கிருஷ்ணகுமாரிக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனாலும் பரிசோதனை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

வேர்த்தால் சீனி இறங்கிவிட்டது, உடனே இனிப்பு சாப்பிட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கிளினிக் கொப்பியில் மாதாமாதம் சீனி நூறு, நூற்றுப் பத்து என்றே இருந்தது. மாத்திரை சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடுமோ என்று பயந்து, தினமும் காலையில் அம்மாவின் முந்தானையில் கித்துள் கருப்பட்டித் துண்டுகளை முடிந்துவிட்டாள். கொப்பி சரியென்றால் அவள் சொன்னதும் சரி. அந்த மூன்று மாதக் கணக்கு வரட்டும்.

வார்டில் அம்மா விழித்திருந்தாள்.

"நீ சொன்ன மாதிரிதான் புள்ள செஞ்சேன். வேர்த்துச்சு, ஒரு துண்டு வாயில போட்டேன். நிக்கல. இன்னொன்னு போட்டேன். அந்தியில கொழுந்து நிறுக்கிற வரைக்கும் அப்பிடியே ஒக்காந்திருந்தேன்."

"சரிம்மா. பேசாதீங்க."

"கிளினிக்குக்கு மூணு நாள் இருக்கையிலயே சோத்த நிப்பாட்டிருவேன். வெறும் தேத்தண்ணிதான். நம்பர் நல்லா வரும்ல. நீயும் அன்னிக்கித்தான் சிரிச்ச மூஞ்சா இருப்ப."

கிருஷ்ணகுமாரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த நாளெல்லாம்?"

அம்மா முந்தானை முடிச்சை மெல்ல அவிழ்த்து, மிஞ்சியிருந்த துண்டை மகளின் கையில் வைத்தாள். "எறும்பு வந்துரும்" என்றாள்.

மூன்று மணிக்குக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். இருபது நிமிடத்தில் திரையை விலக்கினார்கள். அம்மாவின் முகம் துணியால் மூடப்பட்டிருந்தது. வெளியே காத்திருந்த மாமா இருளப்பன் தோட்டத்து லொறிக்குச் சொல்லப் போனார். கிருஷ்ணகுமாரி கருப்பட்டி இருந்த கையை மூடியபடியே நின்றாள். பிறகு, நாலு மணியானதும், ரோட்டைக் கடந்து போனாள்.

நுஸ்கா தாளை நீட்டினாள். வெள்ளை அணு கூடியிருந்தது. மூன்று மாதச் சீனி பன்னிரண்டு வீதத்துக்கு மேல். ஆறுக்குக் கீழே இருக்க வேண்டியது. சிவப்பு அணுவில் ஒட்டிய சீனி அந்த அணு சாகும்வரை விடாது. மூன்று நாள் பட்டினிக்கு அது அசையாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அவள் இதைச் சொன்னதுண்டு.

"சீனி நல்லா கூடியிருக்கு மிஸ்" என்றாள் நுஸ்கா. "ஒங்கட அம்மாவ இனிமே சாப்பாட்டுல கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்."

தாளை வாங்கினாள். கருப்பட்டி உருகியிருந்த உள்ளங்கையில் அது ஒட்டிக்கொண்டது.