கட்டி விழுந்த உகாலி

கெமுண்டோ செய்யும் வேலைக்கு அவள் ஊரில் பெயர் கிடையாது. கிசியிலிருந்து சித்தி அழைக்கும்போதெல்லாம், "இன்னும் அந்த போன் வேலைதானா?" என்றுதான் கேட்பாள். கெமுண்டோவும் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். நைரோபியில் அதற்குப் பெரிய பெயர் இருந்தது. கம்பெனிகளின் பக்கங்களை இணையத்தில் நடத்த வேண்டும். எதை எப்போது சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று திட்டம் போட வேண்டும். இதைச் சித்திக்கு விளக்கப்போய்ப் பாதியில் நிறுத்தியிருக்கிறாள். விளக்கிப் பேசுவது அவளுக்கு எப்போதுமே வந்ததில்லை. எழுத வரும். அதைவிட நன்றாகப் படிக்க வரும்.

அலுவலகத்தில் மற்றவர்கள் ஒரு பதிவு போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். கெமுண்டோ கீழே வந்திருக்கும் பதில்களை ஒன்றுவிடாமல் வாசிப்பாள். திட்டியிருந்தாலும் வாசிப்பாள், வெறும் சிரிப்புக் குறி போட்டிருந்தால் அதைப் போட்டவர் யார் என்று போய்ப் பார்ப்பாள். இதனால் அவளுக்கு மெதுவான ஆள் என்று பெயர். அவள் அதை மறுக்கவில்லை.

அவள் கையில் இருந்ததிலேயே பெரிய பக்கம் கொரொங்கோ மாவுடையது. உகாலி என்ற களி கிளறும் மக்காச்சோள மாவு, பையின் மேல் ஒற்றைக்காலில் ஒரு நாரை. அவள் பொறுப்பேற்றபோது அந்தப் பக்கத்தில் தினமும் ஒரு காலை வணக்கமும் பையின் படமும் மட்டுமே வந்துகொண்டிருந்தன. அவள்தான் நாரைக்கு ஒரு குரல் கொடுத்தாள். கொஞ்சம் குறும்பு, நிறையப் பொறுமை. யாராவது 'உகாலி அடிப்பிடித்துவிட்டது, என்ன செய்வது' என்று கேட்டால் நாரை பதில் சொல்லும். மெள்ள மெள்ள ஜனங்கள் அந்தப் பறவையோடு வீட்டு மனிதரோடு பேசுவதுபோலப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து ரொங்காய் வீட்டில் அவள்தான் சமைத்தாள். தங்கை மொரா தட்டில் உகாலியைக் கிள்ளி, விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அக்கா, இது உகாலியா, ஜல்லியா?"

"சாப்பிடு."

"ஊருக்கெல்லாம் மாவு விக்கிறவ வீட்டுல உகாலி இந்த லட்சணத்துல இருக்கு. மாமியார் வீட்டுக்குப் போனா மொத நாளே மத்தாத்து வேன்ல ஏத்தி அனுப்பிடுவாங்க."

"மாமியார் யாருன்னு மொதல்ல தெரியட்டும். அப்புறம் பயப்படலாம்."

மொரா சுகுமா கீரையை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். கெமுண்டோ தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து கிளறிய கை. பிறகு சிரிப்பு வந்தது. போனை எடுத்துத் தன் பக்கத்தில் எழுதினாள்: 'வயசு முப்பதைத் தாண்டியாச்சு, இன்னும் உகாலில கட்டி விழுது. தங்கச்சி இதை ஜல்லிங்கிறா. என்னைக் கட்டிக்கப் போறவன் பல்லு பத்திரம்.' அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

கை ஈரம் துடைக்கும்போது மொரா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, நாரைக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

கெமுண்டோவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் ஈரக்கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே போனில் இரண்டு பக்கங்கள். மேலே ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒன்றில் அவள் முகம், மற்றதில் நாரை. அந்த வட்டத்தை அவள் பார்க்கவில்லை. மாவு விற்கும் கம்பெனியே தன் பக்கத்தில் உகாலி ஜல்லியாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதற்குள் ஊர் பாதி சிரித்திருந்தது. யாரோ பையின் படத்தில் நாரைக்கு மணப்பெண் முக்காடு போட்டு அனுப்பியிருந்தார்கள்.

போன் அடித்தது. அலுவலகத்தின் முதலாளி பராசா.

"அழிச்சிட்டியா?"

"இல்ல பாஸ்."

"ஏன்? சரி, இனிமே அழிச்சும் பிரயோஜனம் இல்ல, எல்லாரும் படம் பிடிச்சு வச்சிட்டாங்க. இப்போ நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு போடு."

கெமுண்டோ போனைக் காதில் வைத்தபடி ஈரக்கையைத் துணியில் துடைத்தாள்.

"ஹலோ? இருக்கியா? உன் மௌனத்துக்கும் நான்தான் ஏர்டைம் கட்டறேன், தெரியும்ல?"

"இருக்கேன் பாஸ்."

"நாளைக்குக் காலைல ஆத்தி ரிவர்ல இருக்கற கொரொங்கோ மில்லுல முத்தேயு மேடம் நம்மள வரச் சொல்லிருக்காங்க. இந்த வேலை கைய விட்டுப் போச்சுன்னா ஆபீசுல பாதி வருமானம் போச்சு. உன்ன வச்சுக்க என்னால முடியாது. இத நான் மெரட்டலா சொல்லல. கணக்கு அப்படி."

நைரோபியில் ஹேக் ஆகாத பக்கமே இல்லை. அரசியல்வாதி உளறினாலும், பாஸ்டர் எழுதக் கூடாததை எழுதினாலும், மறுநாள் இதே வரி வந்துவிடும். ஒருவரும் நம்பமாட்டார்கள், ஒருவரும் மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள். அது ஊர் மரியாதை. அந்த வரியை எழுத ஒரு நிமிடம் போதும். வேலையும் தப்பலாம்.

அவள் பால்கனியில் போய் நின்றாள். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பறவையின் படத்தை நம்பி இத்தனை பேர் கேள்வி கேட்கிறார்கள். சொன்னபடி செய்து பார்த்து, சரியாக வந்தது என்று வந்து சொல்கிறார்கள். இன்று ஒரு பொய்யை எழுதினால் இதுவரை எழுதிய எல்லாவற்றின் மேலும் அது கறையாகப் படியும் என்று தோன்றியது. வேறு யாருக்கும் தெரியாமல் போகலாம். எழுதிய அவளுக்குத் தெரியுமே.

உள்ளே வந்து நாரையின் பக்கத்தில் எழுதினாள்: 'இந்தப் பக்கத்தை எழுதுவது நான். பெயர் கெமுண்டோ. என் சொந்தப் பக்கம் என்று நினைத்து இங்கே போட்டுவிட்டேன். யாரும் ஹேக் செய்யவில்லை. உகாலியில் கட்டி விழுந்ததும் உண்மை, தங்கை சாப்பிடாமல் எழுந்துபோனதும் உண்மை. மன்னிக்கவும்.'

மொரா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "வேலை போனா ரெண்டு பேரும் ஊருக்குப் போய் வாழைக்காய் விக்கலாம். நீ உகாலி மட்டும் விக்காத."

கெமுண்டோ பதில்களை வாசிக்க உட்கார்ந்தாள். முதலில் வந்ததெல்லாம் சிரிப்பு. பிறகு பாராட்டு. கூடவே நாலைந்து கல்யாண விண்ணப்பங்கள். இவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு மாதிரி வரிகள் இருந்தன. கிட்டெங்கெலாவிலிருந்து ஒருத்தி, 'உங்க கையில தப்பில்ல அக்கா, என் உகாலியும் இந்த வாரம் அப்படித்தான்.' ங்கோங்கிலிருந்து ஒருவர், தன் மனைவியை வீணாகத் திட்டிவிட்டதாக. எண்ணிக்கை பார்ப்பவர்கள் கண்ணில் இது படாது. ஆயிரம் சிரிப்புக்கு இடையில் தூசு மாதிரி கிடந்தது. அவள் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டாள்: எந்தப் பை, எப்போது வாங்கினீர்கள்? பதில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. எல்லாருமே பெரிய பைதான் வாங்கியிருந்தார்கள், எல்லாருமே இந்த வாரம். சின்னப் பை வாங்கிய ஒருவர்கூட அதில் இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் வாங்கியதும் பெரிய பை. மதியம் அதிலிருந்து நேராகப் பாத்திரத்தில் கொட்டியிருந்தாள், பார்க்கவில்லை. இப்போது கையை ஆழமாக விட்டுத் துழாவினாள். காய்ந்த மாவுக்குள்ளேயே கட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்து நசுக்கினாள். லேசான ஈரத்தோடு உடைந்தது.

பராசாவை அழைத்துச் சொன்னாள்.

"தாயே, நீ எழுதினதையே இன்னும் நான் முழுங்கி முடிக்கல. இப்போ மாவே சரியில்லேங்கிறியா? அந்தம்மா முன்னாடி இத வாயத் தொறந்து சொல்லிடாத. மன்னிப்பு கேப்போம், டீ குடிப்போம், வந்துடுவோம்."

அவள் போனை வைத்தாள். புகார் சொன்னவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினாள்: 'பையைத் தனியாக எடுத்து வையுங்கள். சமைக்க வேண்டாம். நாளை நானே சொல்கிறேன்.' நாளை சொல்ல அவளுக்கு வேலை இருக்குமா என்பதை அவர்களுக்கு எழுதவில்லை.

மறுநாள் காலை பராசாவின் காரில் போனார்கள். மொம்பாசா சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பராசா பேசிக்கொண்டே வந்தான். பேசித் தீர்ந்ததும் ரேடியோவை வைத்தான். அதிலும் இருவர் நாரையின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அணைத்துவிட்டான்.

மில்லின் சொந்தக்காரி முத்தேயுவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ், புருவத்தில் மாவு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கெமுண்டோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா அந்தக் கட்டி?"

"ஆமா மேடம். பக்கம் மாத்திப் போட்டது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

"என் பேரனை ஸ்கூல் பசங்க நேத்துலேந்து போன்ல நாரைன்னு கூப்பிடறாங்களாம்."

"மேடம், இதுமாதிரி இன்னொரு தடவை..." என்று பராசா ஆரம்பித்தான்.

"இருங்க தம்பி." முத்தேயு கெமுண்டோவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஹேக் பண்ணிட்டாங்கன்னு ஏன் எழுதல? எல்லாரும் அதான எழுதறாங்க."

"யாரும் பண்ணல மேடம்."

பராசா எழுந்துகொள்ளத் தயாராகக் கார் சாவியைக் கையில் எடுத்தான். இப்போது பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று கெமுண்டோவுக்குத் தெரிந்தது. பேசாமல் இருப்பது அவளுக்குச் சுலபமும்கூட.

"இன்னொண்ணு சொல்லணும் மேடம். கட்டி என் கையால விழல. மாவுலயே இருக்கு."

மேசைக்கடியில் பராசாவின் ஷூ அவள் காலில் இடித்தது. அவள் நிறுத்தவில்லை. பெரிய பை, போன வாரத்துச் சரக்கு, கிட்டெங்கெலா, ங்கோங், ரொங்காய். போனில் பதில்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்து வைத்திருந்த கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

முத்தேயு அதைத் தொடவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பராசா இரண்டு முறை தொண்டையைச் செருமினான். கெமுண்டோவுக்கு அந்த மௌனம் சங்கடமாக இல்லை. இந்த அம்மாளும் தன்னைப்போல் ஒருத்திதான் என்று தோன்றியது.

பிறகு முத்தேயு எழுந்து வெளியே நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள். பை கட்டும் கொட்டகையில் பெரிய பைகள் புது இயந்திரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. முத்தேயு ஒரு பையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்தாள்.

"என்னய்யா இது, ரொட்டி மாதிரி சுடுது?"

"போன வாரம் போட்ட புது மெஷின் மேடம். வேகம் ஜாஸ்தி. ஆற வைக்க நேரமில்ல."

"அரைச்ச மாவ ஆற வைக்காமக் கட்டினா வேர்க்கும்னு உனக்குத் தெரியாதா? உன் வீட்டுல அப்படித்தான் டப்பால போட்டு மூடுவாங்களா?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டான். முத்தேயு அடுக்கிலிருந்து சில நாள் முன்பு கட்டிய பை ஒன்றைக் கிழித்து, ஒரு கட்டியை எடுத்து உடைத்து மோந்து பார்த்தாள்.

"இன்னும் பூஞ்சை வைக்கல. இன்னும் ஒரு வாரம் கடைல இருந்திருந்தா வச்சிருக்கும். கொழந்தைங்க சாப்பிடறது." அவள் குரல் தாழ்ந்தது. "மெஷின நிறுத்து. போன வாரத்துலேந்து வெளிய போன பெரிய பை அத்தனையும் திரும்பி வரணும்."

இயந்திரம் நின்றதும் கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. பராசா முன்னால் வந்தான்.

"மேடம், ஜனங்களுக்குச் சொல்ல அறிக்கை ஒண்ணு நான் தயார் பண்ணிடறேன். 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்'னு..."

"வேணாம். இந்தப் பொண்ணே எழுதட்டும்." முத்தேயு கையிலிருந்த மாவைத் தட்டினாள். "நேத்து ஹேக்குன்னு எழுதியிருந்தா இன்னிக்கு நாம என்ன எழுதினாலும் எவன் நம்புவான்? இவ எழுதினா நம்புவாங்க. தன் தப்பையே மறைக்காதவ."

பராசா கெமுண்டோவைப் பார்த்தான். பிறகு கார் சாவியை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மேஸ்திரி தயங்கியபடி கேட்டான். "மேடம், இவங்க யாரு? ஆய்வுக்கு வந்திருக்காங்களா?"

"இல்லய்யா. நம்ம மாவச் சாப்பிடறவங்க என்ன சொல்றாங்கன்னு படிக்கிறவ. ஒண்ணுவிடாமப் படிக்கிறவ."

கெமுண்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருடமாகச் சித்திக்குச் சொல்லத் தேடியது இதுதான். அடுத்த முறை அழைக்கும்போது இப்படியே சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எழுதினாள். எந்தப் பை, ஏன் கட்டி விழுந்தது, எங்கே திருப்பிக் கொடுப்பது என்று சுற்றி வளைக்காமல் எழுதினாள். 'முதலில் சொன்னவர்கள் நீங்கள்தான். நாங்கள் படித்தோம்' என்று முடித்து, கீழே தன் பெயரைப் போட்டாள். நாரையின் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயர் இரண்டாவது முறையாக வந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

பராசா பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை. அவனுக்கு அது பெரிய காரியம்.

"அனுப்பறதுக்கு முன்னாடி யாரு பக்கம்னு பாத்தியா?"

அவள் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு மேலே பார்த்தாள். சின்ன வட்டத்துக்குள் நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.

"பாத்தேன்" என்று சொல்லி அனுப்பினாள்.