பாப்பாத்தியின் கன்னடச் சாட்சியம்

இப்போதெல்லாம் ஜனங்கள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார்கள், வரிசை ஒன்றைக் கண்டால் போதும், முன்னால் என்ன கிடைக்கிறது என்றுகூடக் கேட்காமல் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள் என்று வைதுகொண்டே வந்த ஆறுமுகசாமி, மைசூர் மண்டி மொஹல்லாவுக்குப் பின்புறம் இருந்த பழைய மாஜிஸ்திரேட் கோர்ட்டின் ரெக்கார்டு ரூம் வாசலில் பதினெட்டாவது ஆளாகப் போய் நின்றார். அங்கே பழைய வழக்குக் கட்டுகள் பேச ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

காலாவதியான சில்லறை வழக்குகளின் கட்டுகளைக் காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் போடச் சொல்லி உத்தரவு வந்தபோது ஆரம்பித்த விஷயம் அது. முதல் கட்டின் சிவப்புத் துணியை அவிழ்த்ததும், அறுபத்தொன்றாம் வருஷம் எருமை தோட்டத்தில் மேய்ந்த வழக்கின் சாட்சி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். அடுத்தது கள்ளச்சாராய வழக்கு; வாடை தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஒரு சலவைக்காரரின் புகார் மனுவிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை மூன்று நாள் காயவில்லை. பேசிக்கொண்டிருக்கும் சாட்சியை நறுக்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வந்தது. உறவினர் யாராவது வந்து, குரல் இன்னாருடையதுதான் என்று ஒப்புக்கொண்டால் சாட்சியம் முடிந்ததாகக் கருதி அந்தக் கட்டை நறுக்கலாம். இல்லையென்றால் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு வாய்தா. எருமைச் சாட்சியை அவருடைய மகள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். அன்று மாலையே அவர் பொடியானார். ஜனங்கள் அதையும் நியாயம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆறுமுகசாமி ராமாபுரத்திலிருந்து மனைவி பாப்பாத்தியோடு மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். எண்பத்தாறாம் வருஷம், குழாயடிச் சண்டையில் காளிதாஸ் என்ற கொத்தனாரின் மண்டையை மேஸ்திரி உடைத்ததைப் பார்த்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். கோர்ட்டில் டவாலி மூன்று முறை பேர் சொல்லி அவளை உள்ளே கூப்பிட்டான். ஒரு சாட்சி சொல்வதை இன்னொரு சாட்சி கேட்கக் கூடாது என்பதால் இவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றதற்கு, "கேட்டாங்க, சொன்னேன்" என்றாள், அவ்வளவுதான். நான்கு மாதத்தில் சாரம் சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தாள். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் முகம் கொஞ்சம் மிஞ்சியது. குரல் சுத்தமாகப் போய்விட்டது. பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது ஒரு பெண் "ஏனுங்க" என்றால் திரும்பிப் பார்ப்பார். திரும்பிய பிறகு, எந்தக் குரலை எதிர்பார்த்துத் திரும்பினோம் என்று அவருக்கே தெரியாது. பூ விற்கும் சித்தம்மா, செத்துப்போன தன் தம்பியின் ஜாமீன் மனுவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்து சொல்லியிருக்காவிட்டால், அவர் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்ட வசுதா மேலுகோட்டைப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பெண். அவள் கட்டை அவிழ்த்து நாலாவது தாளைப் புரட்டினாள். "நன்ன ஹெசரு பாப்பாத்தி" என்றது தாள். தன் பெயரையும், கூலி வேலை செய்வதையும், குழாயடியில் கண்டதையும் பிசகில்லாத கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனது.

"இது எம்பட ஊட்டுக்காரி இல்லீங்க அம்மிணி. அவளுக்குக் கன்னடத்துல சோறு தண்ணிகூடக் கேக்கத் தெரியாது."

"அவா தமிழ்ல சொன்னதைக் குமாஸ்தா கன்னடத்துல எழுதிண்டிருக்கார், தாத்தா. கோர்ட்டு பாஷை அதுதானே? எழுதினதுதான் பேசும்."

"அப்பப் பேசறது அந்தக் குமாஸ்தான்னு சொல்லுங்க."

"குமாஸ்தாவுக்குப் பொம்மனாட்டி குரலா வரும்? ஸ்வல்ப சும்மா இருங்கோ, வக்கீல் கேக்கறார்."

இப்படிச் சொல்லும்படி உன் புருஷன் சொல்லிக் கொடுத்தானா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருந்தார். தாள் கன்னடத்தில் பதில் சொன்னது. சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு என் கணவருக்குப் பேச்சு வராது. கோபக்காரர், பொய் தெரியாது. வெளியே வெயிலில் நிற்கிறார். நிழலில் நில் என்று யாராவது சொன்னால் அதற்கென்றே நிற்க மாட்டார். என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். முடிவில், எல்லாச் சாட்சியத்திலும் வரும் கடைசி வரி: படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

அன்றைக்கு மரம் இருந்தும் அவர் வெயிலில்தான் நின்றார். அதை யாரிடமும் சொன்னதில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை என்றார். மூன்று தடவை கேட்டார். பிறகு தாளின் அடியில் இருந்த கைநாட்டைத் தொட்டார். மை ஈரமாக இருந்தது; அவர் விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது.

"ஆமாம்னு எழுதிடட்டுமா, தாத்தா?" என்று வசுதா கேட்டாள். அடுத்த அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மை புதுசா இருக்குதுங்க. வெயில்ல நிக்கறவனப் பத்தி எந்தப் பொம்பளையும் அப்பிடித்தேன் சொல்லுவா. எனக்கு நம்பிக்கை இல்லீங்க."

இல்லை என்று எழுதிக்கொண்டு வாய்தா கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் வந்தார். தாள் ஒரு வார்த்தை மாறாமல் அதையே சொன்னது. அவரும் ஒரு வார்த்தை மாறாமல் இல்லை என்றார். மற்றவர்கள் தங்கள் தங்கள் ஆட்களை ஒப்புக்கொண்டு போய்விட்டார்கள். சித்தம்மாவின் தம்பியும் பொடியானான். அலமாரிகளை ஏலத்தில் எடுத்துப் போனார்கள். காலி அறையில் ஒரு மேஜை, ஒரு கட்டு, வசுதா. கட்டைக் காப்பாற்றத்தான் இல்லை என்கிறீர்களா என்று அவள் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய்ச் சாட்சி சொல்ற வம்சம் இல்லீங்க அம்மிணி. சந்தேகமா இருக்குது, இருக்குதுன்னு சொல்றேன்" என்றார். போன செவ்வாயும் நீல விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார், அடுத்த வாரத் தேதி எழுதிய சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார், கன்னடம் பேசுகிற பாப்பாத்தியாம், யாரிடம் கதை விடுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.