இடிக்கு முன் ஒரு மீள்பார்வை

1.

இந்தக் கதை ஒரு மீள்பார்வைக் கேள்வியில் பிறந்தது. "இடி இடிக்கும்போது திறந்தவெளியில் செய்யக் கூடாதவை யாவை?" பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சித் தாளில் பார்த்தேன். விடை எழுத மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: செலண்டார் வானத்தில் கருமேகங்கள் திரண்டு...

வேண்டாம். வானத்தைப் பிடித்தால் விட மாட்டேன். ஆளைக் கொண்டுவருகிறேன்.

2.

பவானேஸ்வரி டீச்சர் செலண்டார் என்ற சிற்றூரில் ஒரு கடை மாடியில் சனிக்கிழமை மதியம் டியூஷன் நடத்துகிறார். கேள்விகளை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார். போன் கொண்டுவராத பிள்ளைக்கு வகுப்பில் இடமில்லை.

முதலில் சமூகக் கல்வி. வட்டார வரைபடம். ஐந்தாம் ஆண்டு மாணவி தேவிஸ்ரீ வெண்பலகையில் பள்ளி, கோயில், போலீஸ் நிலையம் எல்லாம் வரைந்துவிட்டு, ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு 'அப்பா' என்று எழுதினாள்.

"அப்பா வேல செய்யிற எடமெல்லாம் பரீட்சையில கேப்பாங்களா?" டீச்சர் அந்தக் கட்டத்தை மட்டும் அழித்தார்.

(அவரைக் கொடுமைக்காரி ஆக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் தேற வேண்டுமே என்ற பதைப்பு, அவ்வளவுதான்.)

3.

அடுத்து வானிலை. ஜன்னல் இருண்டு, தூரத்தில் உறுமல் கேட்டது. டீச்சருக்கு வசதியாகப் போயிற்று.

"மின்னல் தெரிஞ்சதும் எண்ணணும். நெறைய எண்ணுனப்புறம் இடி கேட்டா, மின்னல் தூரம். சரி, மின்னல் எதுல விழும்?"

"ஒசரமானதுல, டீச்சர்..." தேவிஸ்ரீ பாதியில் நின்றாள். "அப்பா தோட்டத்துல எண்ணெய்க்குச் செம்பனைப் பழக் கொல வெட்டுறாரு. அவரு அருவா மாட்டுன கம்பு அலுமினியம். மரத்து உச்சி வரைக்கும் போகும்."

"இடி கேட்டா நிப்பாட்டிருவாருல்ல?"

"மழ வந்தாத்தான் நிப்பாட்டுவாங்க. இடிக்கெல்லாம் யாரும் நிக்க மாட்டாங்க லா."

டீச்சர் போனை எடுத்தார். அப்பா தர்மேந்திரனின் எண்ணைத் தேடி அழைத்தார். போன் தேவிஸ்ரீயின் மேசைமேல் ஒலித்தது.

"நீங்கதானே டீச்சர் கொண்டாரச் சொன்னீங்க."

4.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தர்மேந்திரன் மோட்டார் சைக்கிளில் சிரித்தபடி வந்து இறங்குகிறார். நானே நம்பவில்லை. இன்னொன்றில், அந்தக் கம்பு... கிழித்துப் போட்டுவிட்டேன். கதை முடிய வேண்டும் என்பதற்காக ஒருவரைச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை.

டீச்சர் எனக்காகக் காத்திருக்கவில்லை. மற்ற பிள்ளைகளைக் கீழ்க்கடை அக்காவிடம் விட்டுவிட்டு, தேவிஸ்ரீயைக் காரில் ஏற்றினார்.

"நான் அழிச்சேனே, அந்தக் கட்டம் எங்கம்மா இருந்துச்சு?"

"கோயில் தாண்டி செம்மண் ரோடு. அங்கேர்ந்து நேரா."

5.

கார் தோட்டத்து ஓரத்தில் நின்றது. ஒரு சொட்டு மழை இல்லை. மரங்களுக்கு நடுவே ஒரு கம்பு நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பா!"

"கதவத் தொறக்காத!" டீச்சர் ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. கம்பு ஆடுவது நின்றது. தர்மேந்திரன் திரும்பிப் பார்த்து, கம்பைக் கீழே...

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.]

மின்னல். எங்கும் வெள்ளை. எதுவும் தெரியவில்லை. தேவிஸ்ரீ கண்ணை இறுக மூடிக்கொண்டு, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு..."

இடியை நான் எழுதப்போவதில்லை. அவளோடு சேர்ந்து நீங்களும் எண்ணுங்கள். முடிந்தவரை நிறைய எண்ணுங்கள்.