இரண்டு டிபி மூட்டை

ஜவ்வாது மலையின் வரலாறு அழியாமல் நிற்கிறதென்றால் அதற்கு ஒரே ஒரு மனிதன்தான் காரணம்: வெற்றிவேல். இதை அடிக்கடி சொல்பவனும் அவனே. ஜமுனாமரத்தூரில் 'வெற்றி விஷன்' என்று வீடியோ கடை வைத்திருக்கிறான். வரலாறு என்பது பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. அது குடியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இப்போது எள் விழ இடமில்லை.

முனியன் மகள் கல்யாண வீடியோவை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். புது டிஸ்க் வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்தையாவது அழிக்க வேண்டும். அழிப்பது அவனுக்குப் புதிதல்ல. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான். ரேமும் போதாமல் கம்ப்யூட்டர் வேறு ஏற்றத்தில் போகிற லாரி மாதிரி முக்கியது. ஆகவே சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு, மனைவி அருணாவோடு போளூர் பஸ் ஏறினான்.

"நாம ஃபோர்கே லெவல்ல வேலை பண்றவங்க" என்று போளூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் பிரகாஷிடம் ஆரம்பித்தான். பிரகாஷ் மரியாதையோடு ஒரு பளபளப்பான பென்டிரைவை எடுத்து வைத்தார்.

"ரெண்டு டிபி, ரெண்டாயிரம் ஜிபி சார். ஆஃபர்ல வந்துச்சு."

வெற்றிவேல் சட்டைப்பையில் கை வைத்தான். அருணா அந்தக் கையைப் பிடித்தாள்.

"ரொப்பிக் காட்டுங்க."

"இன்னாக்கா?"

"எங்க வூட்டுப் புளி மூட்டைய எந்தப் போளூர் வியாபாரி அடி வரைக்கும் கை வுடாம வாங்கியிருக்காரு? நாங்க மட்டும் மேல பாத்துட்டு வாங்கணுமா?"

"அருணா, இது டெக்னாலஜி" என்றான் வெற்றிவேல், குரலைத் தாழ்த்தி. "இதுல கையெல்லாம் வுட முடியாது."

"அப்ப முனியன் வூட்டுக் கல்யாணத்த வுடு மாமா."

விட்டார்கள். டீ வந்தது, போண்டா வந்தது. கல்யாணம் முழுவதும் உள்ளே போய்விட்டதாகப் பென்டிரைவ் சொன்னது. அருணா ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். மாப்பிள்ளை அழைப்பு திறந்தது. தாலி கட்டு திறந்தது. பந்தி திறக்கவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே திறக்கவில்லை. மேலே இரண்டு பிடி நல்ல புளி. அடியில் வெறும் கோணி.

"இத்தினி பேர் வாங்கினு போனாங்க, ஒருத்தரும் ரொப்பிப் பாக்கலயேக்கா" என்றார் பிரகாஷ். மீதிப் பென்டிரைவ்களை அவரே அள்ளி மேஜைக்கு அடியில் போட்டார்.

பிறகு அருணா, ஏதோ ஆபீசில் கழற்றிய பழைய டிஸ்க் ஒன்றை எடுக்க வைத்தாள். வெற்றி விஷனின் மொத்த வரலாற்றையும் அதில் ஊற்றச் சொன்னாள். புது ரேம் விலையில் தங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டிருந்ததால் ரேமும் கழற்றியதுதான். மாட்டிப் பார்த்தார்கள். அதுவரை படியிலேயே நின்று நின்று ஏறிய மணப்பெண், ஒரு தடங்கலும் இல்லாமல் மேடைக்குப் போனாள். விலையோ பென்டிரைவை விடக் குறைவு.

"மாசச் சம்பளத்துக்கு வர்றீங்களாக்கா?" என்றார் பிரகாஷ். கேலியாகத் தெரியவில்லை.

"எங்க டெக்னிக்கல் டைரக்டர்ங்க" என்றான் வெற்றிவேல். மூன்று மணி நேரமாக ஓரமாக உட்கார்ந்திருந்தவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெருமை மட்டும் முழுக்க நிஜம்.

அருணாவுக்கு வெட்கமாக இருந்தது. "அடி வரைக்கும் வந்துடுச்சான்னு பாக்கணும். நம்ம கல்யாணத்தப் போடு மாமா. இருக்கறதுலயே அதான் பழசு."

அதை அவன் போன தை மாதமே அழித்திருந்தான். கவுன்சிலர் தன் புது டிராக்டருக்குப் பூஜை போட்ட வீடியோவுக்கு இடம் வேண்டியிருந்தது.