மூன்று நாள் பத்தியம்

2016 சித்திரையில், சம்பளத்துக்கு மறுநாள், செம்பனை மரங்களின் தலைகள் மறைந்தன. செனாவாங்கிலிருந்து உள்ளே போகும் அந்தத் தோட்டத்தில் மரங்கள் வெறும் தூண்களாக நின்றன. குலைகள் இருந்தன, அரிவாள் பட்டால் தொப்பென்று விழுந்தன. கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வேலை வாங்கும் மண்டோர் இரண்டு நாள் கத்தினார். பிறகு உதிரிப்பழம் கிடக்கும் இடம் பார்த்து வெட்டச் சொல்லிவிட்டார்.

காரணம் வீரமுத்து என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. இருபத்தாறு வருடம் குலை வெட்டியவர்; பதினோரு வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அவர் கண்ணில் எது அணைந்ததோ அது எல்லோருக்கும் மறைந்தது. "நல்லதுதான் லா, இனிமே அண்ணாந்து பாத்து யாருக்கும் கழுத்து வலிக்காது" என்றார் அவர். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியால் நம்ப முடியவில்லை. அவருடைய சர்க்கரை நம்பர் எப்போதும் அழகாகவே இருந்தது. அதை அழகாக வைத்திருந்தவள் மனைவி பஞ்சாலை. ரத்தச் சோதனைக்கு மூன்று நாள் முன்பு சீனி டப்பா பரண் ஏறிவிடும். சோறு கிடையாது, பாகற்காய்ச் சாறுதான். சோதனை முடிந்த கையோடு ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியும். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். நல்ல நம்பரோடு திரும்பும் புருஷன் ஒரு பெருமை. அந்த நம்பரைப் பார்த்தவர்கள் யாரும் அவர் கண்ணுக்குள் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவு வாசல்வரை கூட்டம். போர்டிக்சன் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கடல் போயிருந்தது. பாரோயில் ஒருவருக்குத் தெருவிளக்குகள். அந்தக் குடியிருப்புத் தாமானே இருட்டாம். உலகம் முழுக்க ஊர் ஊராக இப்படித்தான் போகிறது என்று சொல்லி, எட்டு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அதற்குள் கோயில் கோபுரம் போனது, கோழிகள் போயின, அவருடைய கைகளும் போயின. கடைசியில் பஞ்சாலையின் முகம் மட்டும் மிஞ்சியது. காலையில் அவளைப் பின்வாசலில் உட்காரவைத்து, தேத்தண்ணி ஆறும்வரை பார்ப்பார்.

"அசையாத, புள்ள. நீ மட்டுந்தான் மிச்சம்."

"அந்த மூணு நாளு, நாந்தாங்க..."

"நீ குடுத்த, நான் குடிச்சேன். மூஞ்ச இப்படித் திருப்பு."

தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அதுவும் போனது. அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கைக்கு மூக்கு தட்டுப்பட்டது. கண்ணாடியில் பின்னாலிருந்த சுவர்தான் தெரிந்தது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுவருடம் சிறுநீரகம் கெட்டு வீரமுத்து இறந்தார். மறைந்தது எதுவும் திரும்பவில்லை. பஞ்சாலை தொட்டுப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்கிறாள். அடையாளக் கார்டு புதுப்பிக்கப் போனபோது படம் பிடித்தவர் எதுவும் கேட்கவில்லை. அன்று காலையிலேயே அப்படி நான்கு பேர் வந்திருந்தார்கள். கார்டில் கழுத்துக்கு மேலே நீலச் சுவர் இருக்கிறது. வழியில் பஸ்ஸை நிறுத்தும் போலீஸ்காரர் கார்டைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றாக இருப்பதால் போகச் சொல்கிறார்.