வெட்டி எடுத்த வயிறு

சிப்ஸ் எண்ணெய் பிசுபிசுத்த விரலால் இயக்குநர் தன் கைபேசியைத் தேய்த்துத் தேய்த்து ஒரு படத்தைத் தேடி எடுத்தார். மேசைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நம்ம காமெடிப் படத்துக்கு இதுதான்க்கா ரெஃபரன்ஸ். இதை அப்படியே கிண்டல் பண்ணணும். பார்த்த உடனே ஜனம் சிரிக்கணும்."

அவள் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அவளே செய்த போஸ்டர்.

அலுவலகத்தில் அவளைக் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் உட்கார்ந்தால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டாள் என்று முதலாளி வைத்த பெயர். சினிமா போஸ்டர் வடிவமைக்க வந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. செய்ததில் ஊருக்கெல்லாம் தெரிந்தது இந்த ஒன்றுதான். காலியான காத்திருப்பு அறை. சுவரை ஒட்டி ஓர் இரும்பு நாற்காலி. அதில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிப் பெண். முகத்தை முடி மறைத்திருக்கும். ஒரு செருப்பு கால் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருக்கும். படம் நான்கே நாளில் தியேட்டரைவிட்டுப் போய்விட்டது. போஸ்டர் மட்டும் ஜனங்கள் மனதில் நின்றுவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவளுடைய தங்கை. அப்போது எட்டு மாதம். மாடல் யாரும் சரியாக அமையாததால், "நீயே வந்து பத்து நிமிஷம் உட்காரு" என்று இவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். "பிறக்கிறதுக்கு முன்னாடியே நடிக்க வந்துட்டான் பாரு" என்று தங்கை சிரித்தாள். பன்னிரண்டாம் நாள் பிரசவம். குழந்தை அழவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் போஸ்டர். காரை நிறுத்தி ஒவ்வொன்றாகக் கிழித்தெறிய வேண்டும்போல இவளுக்குக் கை பரபரத்தது. தங்கைதான் தடுத்தாள். "விடுக்கா. அவனோட ஒரே போட்டோ அதுதான்."

அதற்குப் பிறகு அந்தப் போஸ்டரைக் காப்பியடிக்காதவர்கள் இல்லை. ஒரு பேய்ப் படத்தில் அந்தப் பெண்ணின் கையில் கத்தி வந்தது. ஓர் அடிதடிப் படத்தில் அதே நாற்காலியில் கதாநாயகன் துப்பாக்கியோடு உட்கார்ந்தான். மெத்தைக் கடைக்காரன்கூட விட்டுவைக்கவில்லை. கோந்து எதற்கும் கோபப்படவில்லை. ரெஃபரன்ஸ் என்று நாசூக்காகச் சொல்லிக்கொண்டு அடுத்தவர் போஸ்டரை முன்னால் வைத்து அவளே எத்தனையோ செய்திருக்கிறாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது?

இந்தமுறை மட்டும் முதலாளியிடம் போய், "இதை வேற யாருக்காவது கொடுத்துடுங்களேன்" என்றாள்.

"நீ செஞ்சதை நீயே கிண்டல் பண்ணினா ஒருத்தனும் திருட்டுன்னு சொல்ல முடியாது, கோந்து. போ, போய்ப் பாரு."

படப்பிடிப்புக்கு வந்த நகைச்சுவை நடிகர், வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து நாற்காலிக்கு அடியில் ஒட்டினார். பொத்தான் வைத்த தொளதொள உடைக்குள் ஒரு தலையணையைத் திணித்துவிட்டார்கள். முடி அடர்ந்த காலில் செருப்பைத் தொங்கவிட்டு, நாக்கை வெளியே நீட்டி, கண்ணை மேலே செருகினார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோந்து பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கைச் சரிசெய்தாள்.

மறுநாள் மதியம் இயக்குநர் அவள் கணினித் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வயிறு செட் ஆகலக்கா. மூட்டை மாதிரி இருக்கு. பழைய போஸ்டரோட ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கும்ல? அந்த வயித்தையே எடுத்து இவருக்கு ஒட்டிடுங்க."

"அதையா?"

"ஆமாக்கா, இதோ இதை." திரையின் ஓரத்தில் திறந்திருந்த பழைய போஸ்டரில், தங்கையின் வயிற்றின்மேல் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த இடத்தில் எண்ணெய் ரேகை பதிந்திருந்தது.

அது யாருடைய வயிறு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சட்டைக் கையால் திரையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எண்ணெய் பரவியதே தவிரப் போகவில்லை.

பழைய ஃபைலைத் திறந்து, பெரிதாக்கி, ஓரத்தைப் பிடித்து வெட்ட ஆரம்பித்தாள். இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் துணி விரிந்து தெரிந்த இடம். அதற்குக் கீழே இழுபட்ட தையல். வலப்பக்கம் வந்தபோது துணிக்கு மேலே சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. "உதைக்கிறான்க்கா, சீக்கிரம் எடு" என்று தங்கை அன்றைக்குச் சொன்னது காதில் கேட்டது. குதிகாலாக இருக்கும். அந்த மேட்டையும் ஒரு புள்ளி பிசகாமல் சுற்றி வெட்டினாள். அவ்வளவு தொழில் சுத்தம்.

நடிகரின் உடம்பில் வயிறு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திவிட்டது. அறையே வெடித்துச் சிரித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரித்த வாயை மூடுவதற்குள் கழிவறைக்கு ஓடினாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடத் தன் வாயிலிருந்தே தங்கை தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் போனாள். தங்கை கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பிறந்த பெண் குழந்தை, ஆறு வயது, உள்ளறையில் உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தது. கோந்து புதுப் போஸ்டர் இருந்த கைபேசியை நீட்டினாள்.

தங்கை வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்னோடதுதானே?"

"ஆமா."

"நீ வெட்டினியா, வேற யாராவதா?"

"நான்தான்."

"இந்த மேட்டையுமா?" விரல் படாமல் சுட்டிக்காட்டினாள்.

"ஆமா."

தங்கை மடித்த சட்டையை உதறிப் பிரித்து மறுபடி மடித்தாள். "எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ?"

கோந்து தலையைக் குனிந்துகொண்டாள். தங்கை கைபேசியை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி அவளிடம் கொடுத்தாள். "கிளம்புக்கா. பெரியம்மா ஏன் ஒரு மாதிரி இருக்காங்கன்னு பாப்பா கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

மறுநாள் காலையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட, இதை நேத்தே சொல்றதுக்கென்ன? ஃபைல் அச்சகத்துக்குப் போயாச்சு. சரி விடு. யாருக்குத் தெரியப்போகுது? வயித்துல பேரா எழுதியிருக்கு?"

வெறுங்காலோடு சாக்கடையில் இறங்கியதுபோல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்மேல் எவ்வளவு அருவருப்போ, அதைவிடத் தன்மேல் அதிகம். அவர் வாய் கூசாமல் சொன்னதை நேற்று அவள் கை கூசாமல் செய்திருக்கிறாளே. தன் மேசைக்கு வந்தாள், அச்சகத்துக்குப் போன் போட்டாள். "தப்பான ஃபைல் வந்திருக்குண்ணே. மெஷின்ல ஓட்டிடாதீங்க, சரியானதை அனுப்புறேன்" என்றாள். பதினான்கு வருடப் பழக்கத்தில் அச்சகக்காரர் மறுகேள்வி கேட்கவில்லை. தலையணை வைத்து முதலில் எடுத்த வயிற்றையே அனுப்பிவைத்தாள்.

போஸ்டர் சுவருக்கு வந்த அன்று இயக்குநர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து குதித்தார். முதலாளி கோந்தைப் பார்த்து, "நீயா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். "பையை எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருவில் போஸ்டரைப் பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். மூட்டை வயிற்றைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். படத்துக்கும் கூட்டம் குறையவில்லை. ஆக அந்த வயிறு யாருக்கும் தேவைப்பட்டிருக்கவே இல்லை. ஒன்றுக்கும் ஆகாத காரியத்துக்காக உட்கார்ந்து, அவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருக்கிறாள். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

தங்கை மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள். "அந்தப் பழைய ஃபைல் உங்கிட்ட இருக்க வேண்டாம். கொண்டு வந்து எங்கிட்டக் கொடுத்துடு."

பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கையோடு கொண்டுபோயிருந்த தன் மடிக்கணினியில் இருந்ததைத் தங்கை கண்ணெதிரிலேயே அழித்தாள். தங்கை பென்டிரைவை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். உட்காரச் சொல்லவில்லை. மணி பார்த்தாள். "பாப்பாவுக்கு ஸ்கூல் விடுற நேரம். நடந்துகிட்டே பேசலாம், வா" என்று செருப்பை மாட்டினாள்.

பள்ளிக்கூடத் தெருமுனைச் சுவரில் அந்தப் போஸ்டர் இருந்தது. நாக்கை நீட்டிக்கொண்டு நடிகர். கோந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை நின்று, கிட்டே போய், முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த வயிற்றை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலையணைன்னு நல்லாவே தெரியுது" என்றாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. இருவரும் நடையை எட்டிப் போட்டார்கள்.