மார்லிஸ் எழுதித் தராத குறிப்பு

ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒமாஹாவில் நடக்கும் கையேட்டு எழுத்தாளர் மாநாட்டுக்கு நானும் மார்லிஸும் பதினோரு வருடம் சேர்ந்தே போய்வந்தோம். கையேடு என்றால், இயந்திரத்தோடு பெட்டிக்குள் வருகிறதே, எந்த நட்டை முதலில் முடுக்குவது, எந்த மூடியை எப்போது திறக்கக் கூடாது என்று சொல்லும் புத்தகம், அதுதான். விதைப்பான், நீர்ப்பாசன எந்திரம், தானிய உலர்த்தி என்று நெப்ராஸ்காவில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் அதை எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் இருவரும் யாருக்கும் கீழே வேலை பார்க்காமல் அவரவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். நான் வில்பரில். அவள் நாற்பது மைலுக்கு அப்பால் யார்க்கில்.

மாநாட்டில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் பேச்சு நடந்தால் இருவரும் ஒரே அறையில் உட்காரக் கூடாது. ஆளுக்கொரு அறை. மாலையில் விடுதியின் கீழ்த்தளத்தில் ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரத்தில் ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டு குறிப்புகளை மாற்றிக்கொள்வோம். இந்த விதியைப் போட்டவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார், ஒரு பேச்சுக்கு ஒரே ஒரு கேள்வி கேள், யார் முகவரி அட்டை கொடுத்தாலும் அவர் என்ன சொன்னார் என்பதை அதன் முதுகிலேயே எழுது, வீடு திரும்பிய பத்து நாளுக்குள் பேசிய ஒவ்வொருவருக்கும் கடிதம் போடு. இவையும் நான் போட்டவைதான். மார்லிஸ் இதையெல்லாம் கேலி செய்வாள், ஆனால் செய்வாள்.

இன்னொன்று காலைத் தொலைபேசி. தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அதட்ட ஆளில்லை. அதனால் தினமும் எட்டேகாலுக்கு அவள் கூப்பிடுவாள், அன்றைக்கு முடிக்கப்போகும் மூன்று வேலைகளை இருவரும் சொல்லிக்கொள்வோம். மாலை நான்கு மணிக்கு, முடித்தாயா என்று கேட்டுக்கொள்வோம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த இரண்டு அழைப்புகளும் இல்லாமல் பாதிக் கையேடுகளை நான் முடித்திருக்க மாட்டேன்.

இந்த வருடம் நான் ஒமாஹாவுக்குப் போனது காரியமாக. ஒன்பது வருடம் எனக்கு வேலை கொடுத்த நீர்ப்பாசன நிறுவனம் ஜனவரியில் கைமாறியது. புதியவர்கள் தங்கள் ஆட்களோடு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கூட்டுறவு தானியக் கிடங்கில் மேலாளராக இருக்கும் டுவேன் என் நிலைமையைக் கேள்விப்பட்டு, அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, ஜூன் ஒன்றாம் தேதி வரை வைத்திருக்கிறேன் என்றார். நல்ல மனிதர். ஆனால் தானிய லாரிகளுக்கு எடைச் சீட்டு போட்டுக்கொண்டு கிடங்கு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் என் மேஜைக்கு நான் திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஜூனுக்குள் நிலையான ஒரு நிறுவனம் கிடைக்க வேண்டும். மார்லிஸுக்கு இது முழுக்கத் தெரியும். தேதி உட்படத் தெரியும்.

இரண்டாம் நாள் காலை நிகழ்ச்சிநிரலில் பத்து மணிக்கு இரண்டு பேச்சுகள். ஒன்று, வீட்டிலிருந்து தனியாக வேலை செய்கிறவர்கள் பொழுதை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பது. மற்றொன்று நோரிஸ் ஹாகன் என்பவருடையது. தானிய உலர்த்தி செய்யும் ஒரு நிறுவனத்தில் கையேடுகளுக்குப் பொறுப்பாளர். ஹாகனின் அறை என் பங்கு என்று ஒரு வாரம் முன்பே பிரித்திருந்தோம்.

காலை உணவு மேஜையில் மார்லிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு மாத்திக்கலாமா? நீ அந்த வீட்டு வேலைப் பேச்சுக்குப் போ. நான் உலர்த்திக்காரர்கிட்டப் போறேன்."

"ஏன்?"

"தனியா உக்காந்து வேலை பாக்கறது எப்படின்னு இன்னொருத்தி எனக்குச் சொல்லணுமாக்கும். கேட்டா தூங்கிருவேன். நீதான் குறிப்பு எடுப்ப, ஒரு வரி விடாம."

"ஹாகன்கிட்ட நான் பேசணும்னு இருந்தேனே, மார்லிஸ்."

"நான் பேசி வைக்கறேன். உன்னைப் பத்தி நீயே சொன்னா பத்து நிமிஷம் மன்னிப்புல ஆரம்பிப்ப. நான் சொன்னா நேரா சொல்வேன்."

அது உண்மைதான். நான் சிரித்துவிட்டு மாற்றிக்கொண்டேன்.

என் அறையில் பேசிய பெண்மணி கெட்டிக்காரர். அன்றைய வேலையை ஒரு மனுஷரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லிவிட்ட வெட்கத்துக்காவது செய்வீர்கள் என்றார். நான் தலையாட்டியபடி எழுதிக்கொண்டேன். அப்படி ஒருத்தி எனக்கு இருக்கிறாளே என்ற நிறைவோடு எழுதினேன்.

மாலையில் மார்லிஸ் தந்த குறிப்பு ஒன்றரைப் பக்கம். வழக்கமாக நான்கு பக்கம் எழுதுகிறவள்.

"இவ்வளவுதானா?"

"மனுஷன் படம் படமா காட்டினார். எழுத என்ன இருக்கு?"

"என்னைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன். அவங்களுக்கு இப்ப வெளியாள் யாரும் வேண்டாமாம். ஆப்பிள் பை சாப்பிடு, ஆறுது."

வீடு வந்த பத்து நாளுக்குள் பன்னிரண்டு கடிதங்கள் எழுதினேன். நான் கேட்காத பேச்சுகளுக்கும் மார்லிஸின் குறிப்பை வைத்து எழுதுவது வழக்கம். ஹாகனுக்கும் எழுதினேன்: உங்கள் பேச்சை என் தோழி மார்லிஸ் மூலமாகக் கேட்டேன், எச்சரிக்கைகளைப் படமாகக் காட்டுவது பற்றி நீங்கள் சொன்னது பயனுள்ளது, வெளியாட்கள் தேவைப்படும் காலம் வந்தால் நினைவில் வையுங்கள். கூடவே என்னுடைய பழைய கையேடு ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் வைத்தேன்.

மற்றக் கடிதங்களுக்கு மரியாதையான பதில்கள் வந்தன. வேலை வரவில்லை. மே இருபத்தாறாம் தேதி ஹாகனே கூப்பிட்டார்.

"உங்க கடிதம் எங்க தபால் அறையில மூணு வாரம் கிடந்திருக்கு, மன்னிச்சுக்கணும். அந்த ரெண்டு பக்கத்தையும் இப்பத்தான் படிச்சேன். படிச்சதும் ஒண்ணு கேக்கணும்னு தோணிச்சு. நீங்க ஏன் விண்ணப்பிக்கல?"

"எதுக்கு?"

"பேச்சு முடிவுல அறிவிச்சேனே. மூணு வருஷ வேலை, ஒரு ஆள், மே பத்துக்குள்ள மாதிரி அனுப்பணும்னு. உங்க சிநேகிதி முன் வரிசையில இருந்தாங்க."

அவர் தொடர்ந்தார். "உங்க பேர் எனக்கு முன்னாடியே தெரியும். அந்த நீர்ப்பாசனக் கையேடு யார் எழுதினதுன்னு விசாரிச்சு வச்சிருந்தேன். நானேதான் அவங்ககிட்ட கேட்டேன், வெர்லா வந்திருக்காங்களான்னு. நீங்க வேலையைக் குறைச்சுக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. பிப்ரவரியிலேருந்து ரெண்டு மாசம் ஒரு வரிகூட எழுத முடியலன்னு."

"பதினேழு நாள்," என்றேன்.

"என்னது?"

"ரெண்டு மாசம் இல்ல. பதினேழு நாள். பதினெட்டாம் நாள் உக்காந்தேன். கையில இருந்த கையேட்டை ஒன்பது நாள் தாமதமா கொடுத்தேன். தாமதமாகும்னு முன்னாலேயே எழுதியும் போட்டேன்."

அவர், வேலையை மார்லிஸுக்குக் கொடுத்துக் கையெழுத்தும் ஆகிவிட்டது என்றும், தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நிறுவனம் கைமாறியபின் நான் முடங்கிக் கிடந்த அந்தப் பதினேழு நாளை உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். எட்டேகாலுக்குக் கூப்பிடுவாள். "மூணு வேலை சொல்லு" என்பாள். "ஒண்ணும் இல்ல, ஜன்னலைப் பாத்துட்டு இருக்கேன்" என்பேன். "சரி, முதல் வேலை குளிக்கறது. ரெண்டாவது முட்டை பொரிக்கறது. மூணாவது என்னைத் திட்டறது. நாலு மணிக்குக் கேப்பேன்" என்பாள். கேட்பாள். அப்படித்தான் நான் எழுந்தேன். அதனால்தான் இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலும் ஹாகனிடம் பேசிய குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை.

மறுநாள் காலை அவள் கூப்பிடுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு யார்க் போனேன். சமையலறை மேஜை முழுக்க உலர்த்தியின் வரைபடங்கள் பரப்பியிருந்தன. என்னைப் பார்த்ததும் அவற்றை மறைக்க அவள் கை நீட்டினாள், பிறகு விட்டுவிட்டாள்.

"ஹாகன் கூப்பிட்டார்," என்றேன்.

"உக்காரு. காபி போடறேன்."

"வேண்டாம்."

அவள் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே தன் கணவரைப் பற்றிப் பேசினாள். "லைல் ஆலையை விட்டு வந்ததுலேருந்து எங்களுக்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கிடையாது. உனக்குத் தெரியும். அவருக்கு இருதயத்துல ரெண்டு அடைப்பு இருக்கு, அது உனக்குத் தெரியாது. மார்ச்சுல சொன்னாங்க."

"தினமும் பேசினோமே. சொல்லல."

"மூணு வேலை சொல்ற நேரத்துல இதை எங்க சொல்றது?"

"நான் சொன்னேனே, மார்லிஸ். என்னோடதை நான் சொன்னேனே."

அவள் திரும்பினாள். "உனக்கு டுவேன் நாற்காலி வச்சிருக்கார். எனக்கு யார் வச்சிருக்கா? நீ கீழ விழுந்தாலும் மெத்தையில விழுவ. நான் யோசிச்சுத்தான் செஞ்சேன். பொய்யும் சொல்லல."

"ரெண்டு மாசம்னு சொல்லியிருக்க."

"ஏதோ சொன்னேன். எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

"எண்ணித்தான் இருந்த. ஒவ்வொரு நாளும் நீதான் கூப்பிட்ட. என்னைவிட உனக்குத்தான் கணக்குத் தெரியும்."

அவள் காபிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். பால் சரியாக ஊற்றியிருந்தாள், நான் குடிக்கிற நிறத்தில்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றேன். "லைலுக்கு இப்படி இருக்கு, இந்த வேலையை எனக்கு விட்டுக் கொடுன்னு."

"கொடுத்திருப்பியா?"

"தெரியல."

"பாத்தியா."

"இனிமே தெரியவும் போறதில்ல. அதைத் தெரிஞ்சுக்க நீ விடல."

வெளியே லைல் புல்வெட்டியை இழுத்து இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை. மார்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதிரே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேளு. எனக்கு பர்னர் பத்தி ஒண்ணும் தெரியாது. விதைப்பான் எழுதினவ நான். நீ முன்னாடி உலர்த்தியும் எழுதியிருக்க. அந்த அத்தியாயம் நீ எழுது, பாதி வேலை உனக்கு. மூணு வருஷமும் உனக்கு ஓடும். நீ டுவேன்கிட்டப் போக வேண்டாம்."

"யார் பேர்ல?"

"ஒப்பந்தம் என் பேர்லதான இருக்கு. ஹாகனுக்குத் தெரியணுமா என்ன?"

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு உதவுவதாகவே நினைத்துக்கொண்டு சொன்னாள். என் பதினேழு நாளை எடுத்துக்கொண்டதுபோல, என் அத்தியாயத்தையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு என் மேஜையை எனக்கே தருகிறாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சரி என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மேஜை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அவள் எழுதிய வரைவு என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. பழக்கதோஷம், கண் போய்விட்டது. படி நான்கு: பர்னரைப் பற்றவைக்கவும். படி ஐந்து: ஃபேனை இயக்கவும்.

"இது தப்பு," என்றேன். "ஃபேன் முதல்ல ஓடணும். உள்ள தேங்கின கேஸ் வெளிய போகணும். இல்லன்னா பத்த வைக்கிறவன் முகத்துலதான் வெடிக்கும்."

அவள் முகம் வெளுத்தது. "வரைபடத்துல அப்படித்தான இருந்தது."

"வரைபடத்துல பாகத்துக்குப் போட்ட எண் அது. செய்யற வரிசை இல்ல."

அவளுடைய பென்சிலை எடுத்து நான்கையும் ஐந்தையும் இடம் மாற்றினேன். பற்றவைப்பதற்கு முன் ஃபேன் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டு எழுது என்று ஓரத்தில் குறித்தேன். பர்னர் படம் இருந்த மற்ற மூன்று பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். அவற்றில் பிழையில்லை.

"அப்ப எழுதறியா?" என்று கேட்டாள். குரலில் நிம்மதி இருந்தது.

"இல்ல. இது அந்த பர்னர் முன்னாடி நிக்கப்போறவனுக்கு. மத்ததை ஹாகன்கிட்ட கேட்டுக்க. தெரியாததைத் தெரியாதுன்னு அவர்கிட்ட சொல்லு. சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"அவர் ஒப்பந்தத்தைப் பிடுங்கிட்டா?"

"அது உனக்கும் அவருக்கும்."

"பதினோரு வருஷம், வெர்லா."

எழுந்துகொண்டேன். அவள் வாசல் வரை வரவில்லை. லைல் கையசைத்தார், பதிலுக்குக் கையசைத்தேன். அவருக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன்.

வண்டியைத் தெரு முனையில் நிறுத்தினேன். ஜூன் ஒன்றுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளில் இன்னும் பத்துக் கடிதம் எழுதலாம். ஆனால் அந்த இரண்டு அழைப்புகள் இல்லாமல் என் மேஜையில் நான் தனியாக உட்கார்ந்ததே இல்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. நாளைக் காலை யாரிடமும் எதுவும் சொல்லாமல் அதன் முன் போய் உட்கார்வதை நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. டுவேனைக் கூப்பிட்டேன்.

"அந்த நாற்காலி இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன். ஏதோ பெரிய வேலை கிடைச்சிருக்குன்னு மார்லிஸ் சொன்னாங்களே."

"எப்ப சொன்னா?"

"போன மாசம். கிடங்குப் பக்கம் வந்திருந்தாங்க. வெர்லாவுக்கு வேலை கிடைச்சாச்சு, நாற்காலிக்கு வேற ஆளைப் பாருங்கன்னாங்க. உங்க வாயால கேக்கலாம்னு விட்டு வச்சேன்."

கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெத்தை என்று அவள் சொன்ன இடத்துக்கும் முன்னமே போய்வந்திருக்கிறாள். அந்த நாற்காலியைத் தனக்காகக் கேட்கவா, எனக்குக் கிடைக்காமல் செய்யவா, எதற்காகப் போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

"வர்றேன்," என்றேன். "எத்தனை மணிக்கு?"

"எட்டு. அறுவடை சமயத்துல ஆறரை. சாப்பாடு கொண்டு வந்துருங்க, இங்க பக்கத்துல ஒண்ணும் கிடையாது."